திருப்பி வராத செய்தி

அப்பா போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வாரமும் இளையவள், அம்மாவிடம் சொன்ன ஒரு பொய்யை எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் வளைய வந்துகொண்டிருந்தாள்.

பெரிய பொய் அல்ல. எல்லாம் முடிந்து வீடு திரும்பிய அன்று, சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அவர் தங்களிடம் கடைசியாகச் சொன்னதை ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அண்ணனிடம், "உன் வண்டியில பின் சக்கரத்துக்குக் காத்து கம்மியா இருக்கு, பாரு" என்றாராம். அண்ணியிடம், மாடிக் குழாய் சொட்டுகிறது, நானே வாஷர் மாற்றிவிடுகிறேன் என்றாராம். முறை இளையவளிடம் வந்தது. "வேளாவேளைக்கு சாப்பிடுன்னு சொன்னார்" என்றாள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு முகத்தை இடப்பக்கச் சுவரை நோக்கித் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அம்மா அவளிடம் சரியாகப் பேசவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏதாவது கேட்டால் பாதி நேரம் பதிலே இல்லை. எதிரே உட்கார்ந்தால் முகம் சுவர்ப்பக்கம் போய்விடும். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று இளையவள் முடிவுகட்டினாள்.

உண்மை என்னவென்றால், அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்பது அவளுக்கே தெரியாது.

அவர் இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவர். கம்பியில்லாத் தந்திக் கருவியை முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறியவர். அங்கே ஒரு சட்டம் உண்டு. வந்த செய்தியைக் கேட்டவன் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பி வராத செய்தி, அனுப்பாத செய்திக்குச் சமம். ஓய்வு பெற்றுக் குடிநீர் வாரியத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சட்டத்தையும் கூடவே கொண்டுபோனார். எந்த வால்வை எப்போது திறக்க வேண்டும் என்று நீரேற்று நிலையங்களுக்குச் சொல்லிவிட்டு, மறுமுனை அதைத் திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்கமாட்டார். அவர் இருந்த பதினெட்டு வருடத்தில் ஒரு தெருவிலும் தவறான நேரத்தில் தண்ணீர் வந்ததில்லை.

வீட்டிலும் அதேதான். கடைக்கு அனுப்பினால் வாங்க வேண்டியதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்க முடியும். தெருமுனைக் கடைக்காரர் அவருக்கு வைத்த பெயர் 'திருப்பிச்சொல்லு சார்'. அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் அப்பா அவளிடம், "நாளைக்குப் பால்காரர் வரமாட்டார்மா" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார். மாமனார் ஏன் நகராமல் நிற்கிறார் என்று அண்ணிக்கு வியர்த்துவிட்டது. அண்ணன் பின்னாலிருந்து கிசுகிசுத்தான். "திருப்பிச் சொல்லு, போயிடுவார்."

"நாளைக்குப் பால் வராது மாமா."

"பால் வராதுன்னு நான் சொல்லலையே. பால்காரர் வரமாட்டார்னு சொன்னேன். பாலை நான் போய் வாங்கிட்டு வருவேன்."

அம்மாவின் கதை இன்னும் பழையது. பெண் பார்க்க வந்தவர், தனியாகப் பேச விட்டதும், "எனக்கு சம்மதம்" என்றாராம். பிறகு வாயைத் திறக்கவில்லையாம். "என்னங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லணும்" என்றாராம். "எனக்கு சம்மதம்" என்று அம்மா சொன்னாள். "அப்படித்தான் என் கல்யாணம் நிச்சயமாச்சு. யோசிக்க ஒரு நிமிஷம் கொடுத்தாரா அந்த மனுஷன்?" என்று முப்பத்தொன்பது வருடமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் வெளியூரில் பணியில் இருந்த காலத்தில் வீட்டுக்கு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் எண் போட்டிருப்பார். நடுவில் ஒன்று தொலைந்தால் தெரிந்துவிடும். விடுப்பில் வரும்போது தபாலில் தொலைந்த கடிதங்களில் என்ன எழுதியிருந்தார் என்று நினைவிலிருந்து வாயால் சொல்லிவிடுவார். ஒருமுறை நாற்பத்திரண்டாம் கடிதம் முழுவதும் இளையவளின் முதல் பல்லைப் பற்றியதாக இருந்ததாம். பல்லை அவர் பார்க்கவேயில்லை. அம்மா எழுதியதைப் படித்துவிட்டு, சரியாகப் புரிந்துகொண்டேனா என்று திருப்பி எழுதியிருந்தார்.

அவர் கடைசியாக இளையவளைக் கூப்பிட்டது ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. அவள் வேறு ஊரில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அன்று இயந்திரம் ஒன்று நின்றுபோய், மேசையெல்லாம் குழாய்கள் காத்துக் கிடந்தன. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நேரம் இருக்கா? அம்மா விஷயம் ஒண்ணு. குறிச்சுக்கோ."

"சொல்லுங்கப்பா."

அவர் சொன்னார். நாலைந்து வாக்கியம் இருக்கும். எதிர்மேசைக்காரி ஏதோ கேட்டாள், இவள் அவளுக்குச் சைகையால் பதில் சொன்னாள். காதில் குரல் விழுந்தது, சொல் விழவில்லை.

"சரிப்பா, சரி."

"திருப்பிச் சொல்லு."

"அப்பா, இது ஆஸ்பத்திரி. உங்க ராணுவம் இல்ல. அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்து ஒரு நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. வார்டுக்குப் போன் செய்து அந்த அளவைச் சொன்னாள். "திருப்பிச் சொல்லுங்க சிஸ்டர்" என்றாள். நர்ஸ் சொன்னாள். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். முன்பின் தெரியாத ஒருவருக்காகச் செய்தது அது.

சனிக்கிழமை விடியலில் அப்பா நடக்கப் போவதற்காக ஷூவின் கயிற்றைக் கட்டக் குனிந்தார். நிமிரவில்லை.

இப்போது முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் நினைவுக் கூட்டம், நாளை காலை. அண்ணன் ஒரு துண்டறிக்கை அச்சடித்திருந்தான். அப்பாவின் படம், பணியாற்றிய வருடங்கள், கீழே ஒரு வரி: 'வேளாவேளைக்குச் சாப்பிடு, அன்பு மகளிடம் அவர் சொன்ன கடைசி வார்த்தை.' இருநூறு பிரதி, கயிறு போட்டுக் கட்டிக் கூடத்து மூலையில் வைத்திருந்தது. அந்தக் கட்டைக் கடக்கும்போதெல்லாம் இளையவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், 'ஆன்டெனா' மாமா வந்தார். அப்பாவின் கூட்டாளி. நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம், அதற்கேற்ற ஒல்லி. அந்தப் பெயரை வைத்ததே அப்பாதான். இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளும் முன்பே எட்டு மாதம் வெறும் குரலாகப் பழகியவர்கள். அப்பா ஒரு மலையில், இவர் அடுத்த மலையில்.

"தங்கச்சி எப்படி இருக்கு?" என்று உள்ளே அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நாளைக்கு மேடைக்குப் பக்கத்துல ஒரு மேசை போடறோம். அவனோட தொப்பி, மெடல் எல்லாம் உங்க அண்ணன் கொடுத்துட்டான். அவனோட பதிவேடு வேணும். கடைசியா எழுதினது."

பதிவேடு என்றால் அப்பா ஓய்வுக்குப் பிறகும் விடாமல் எழுதிவந்த நீள நோட்டு. அனுப்பிய ஒவ்வொரு செய்தியும் அதில் இருக்கும். நேரம், யாருக்கு, என்ன, திருப்பி வந்ததா என்று நான்கு கட்டம். கடைசிக் கட்டத்தில் ஒரு டிக். பதினோரு நோட்டு நிரம்பியிருந்தது. பன்னிரண்டாவது முன்னறையில் அவர் மேசைமேல் பென்சிலோடு அப்படியே இருந்தது. இரண்டு வாரமாக அவள் அந்த மேசைப் பக்கம் போகவில்லை. தன் பெயருக்கு நேராக ஒரு வெற்றுக் கட்டம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"எந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பீங்க மாமா?"

"கடைசிப் பக்கத்தைத்தான். எங்க ஆளுங்க முதல்ல அதைத்தான் பார்ப்பானுங்க."

அவள் அழுதுவிட்டாள். முன்னறையின் ஸ்டூலில் உட்கார்ந்து, போன் வந்தது முதல் துண்டறிக்கை வரை அத்தனையையும் சொன்னாள். ஆன்டெனா முழங்கால்கள் இரண்டும் மார்பு உயரத்துக்கு வர, தாழ்ந்த பெஞ்சில் மடங்கி உட்கார்ந்திருந்தார்.

"உங்க அப்பன் ஏன் இப்படி எல்லாரையும் படுத்தினான்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"பழக்கம்."

"பழக்கம் எல்லாருக்கும்தான். ஓய்வு வாங்கின மறுநாளே நாங்க விட்டுட்டோம். அவன் விடல. பனி பெய்ஞ்ச நாள். அவனோட பேட்டரி தீர்ந்துட்டிருந்துது. கீழ் பாலத்துல வராதீங்க, மேல் பாலத்துல வாங்கன்னு அனுப்பினான். எனக்குக் கேட்டது இரைச்சல். 'சரி'ன்னு மட்டும் சொன்னேன். திருப்பிச் சொல்லுன்னு கேக்க அவன்கிட்ட பேட்டரி இல்ல. எங்க ஆளுங்க ரெண்டு பேர் கீழ் பாலத்துல போனாங்க. பாலம் உடைஞ்சு கிடந்துது."

இளையவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா, 'சரி'ன்னு சொன்னது நான். அவன் ஒரு நாள்கூட என்னைக் கேக்கல. தான் இன்னொரு தடவை அனுப்பியிருக்கணும்னு மட்டும் சொல்லிட்டே இருந்தான். சாகற வரைக்கும்." எழுந்து, மேசைமேல் இருந்த நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். "பாரும்மா. நீ பார்த்த பிறகு நான் எடுத்துட்டுப் போறேன்."

கடைசியாக எழுதிய பக்கத்தில் எட்டுப் பதிவுகள். கீழிருந்து மேலாகப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மாலை, அண்ணி, மாடிக் குழாய், டிக். வெள்ளிக்கிழமை காலை, அண்ணன், பின் சக்கரம், டிக். அதற்கு மேலே, வியாழன், மணி 11.03. 'சின்னவளுக்கு' என்று இருந்தது. கீழே அந்தச் சிறிய, சாயாத எழுத்து:

'அம்மாவுக்கு இடது காது கேட்கவில்லை. ஒரு வருடமாகிறது. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும். எதிரே பேசினால் முகத்தை இடப்பக்கம் திருப்புவாள், வலது காதைக் கொடுக்கிறாள் என்று அர்த்தம். வலப்பக்கம் உட்கார்ந்து பேசு. எனக்குப் பிறகு அந்த இடம் காலியாக இருக்கக்கூடாது.'

நான்காவது கட்டம் வெறுமையாக இல்லை. ஒரு சிறிய வட்டம் போட்டிருந்தது. அதற்குள் 'ஞாயிறு 10'.

"இது என்ன மாமா, வட்டம்?"

ஆன்டெனா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். "மறுபடி அனுப்பணும்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு. உனக்கு லீவு நாள்ல." அந்த வட்டத்தின்மேல் விரலை வைத்தார். "கோபம்னா குறுக்குக் கோடு போட்டிருப்பான். என் பேருக்கு நேரா நிறைய இருக்கும், போய்ப் பாரு."

இளையவள் நோட்டோடு உள்ளே போனாள்.

சாப்பாட்டு அறையில் அம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எதிரே. அம்மாவின் வலப்பக்கம், மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த இடுக்கில், அப்பாவின் நாற்காலி. போன வருடம் வரை அது மேசையின் இடக்கோடியில் இருந்தது. ஒருநாள் தானே தூக்கி இந்தப் பக்கம் போட்டுக்கொண்டார். "முதுகுல வெயில் படறது நல்லது" என்றார். வயிற்றை எக்கிக்கொண்டு அந்த இடுக்கில் நுழைவதைப் பார்த்து எல்லோரும் கேலி செய்தார்கள். தெருவில் நடக்கும்போதும் அப்படித்தான், திருப்பத்துக்குத் திருப்பம் அம்மாவைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்துவிடுவார். வயதானால் நிலைகொள்ளாது போலிருக்கிறது என்று இளையவளே நினைத்திருக்கிறாள்.

அவர் போனபிறகு அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அவருடைய ஸ்வெட்டர் முதுகில் தொங்கியது. அண்ணி தினமும் தூசி தட்டுவாள். மரியாதைக்காக எல்லோரும் சுற்றிக்கொண்டு அம்மாவின் இடப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்களும் அந்தப் பக்கமே உட்கார்ந்து, கேட்காத காதுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இளையவள் ஜன்னலோரம் நுழைந்து அந்த நாற்காலியை இழுத்தாள்.

"ஏய், என்ன பண்றே?" அண்ணன் பாதி எழுந்துவிட்டான். "அது அப்பாவோடது."

"தெரியும்" என்று சொல்லி உட்கார்ந்தாள். ஸ்வெட்டரின் கம்பளி முதுகில் உறுத்தியது. "அம்மா."

சாதாரணக் குரலில்தான் கூப்பிட்டாள். அம்மாவின் கை மடித்துக்கொண்டிருந்த துணியில் நின்றது. சட்டென்று திரும்பினாள். முகம் முழுவதும் இவள் பக்கம் வந்தது.

"என்னடி?"

"நான் பொய் சொல்லிட்டேன்மா. அப்பா என்கிட்ட சாப்பிடுன்னு சொல்லல. அவர் சொன்னதை நான் காதுல வாங்கல. திருப்பிச் சொல்லுன்னார், போனை வச்சிட்டேன்."

அண்ணன் மெதுவாக உட்கார்ந்தான். அம்மா அந்தத் துணியை மடித்து முடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

"சாப்பிடுன்னு சொல்லலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அந்த மனுஷன் போன்ல சாப்பாட்டைப் பத்திப் பேசினா எத்தனை மணிக்கு, எத்தனை இட்லின்னு இல்ல சொல்லியிருப்பார்? வேளாவேளைக்காம்!" உதட்டோரம் இலேசாக அசைந்தது. "நீ ஏதோ சொல்ல முடியாம சொல்றேன்னு விட்டுட்டேன்."

"கோபம் இல்லையா? என் மூஞ்சியைக்கூடப் பார்க்கலையே நீ."

"நான் ஏன்டி பார்க்காம…" என்று ஆரம்பித்த அம்மா நிறுத்திக்கொண்டாள். அவள் பார்வை இளையவளின் முகத்திலிருந்து அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும், மடியிலிருந்த நோட்டுக்கும் போனது.

"அவர் சொல்லிட்டாரா?"

அப்படியே இருக்கட்டும் என்று அப்பா எழுதியிருந்தார். இளையவள் நோட்டை மூடிப் பிடித்துக்கொண்டாள். அம்மாவே நாற்காலியின் கைப்பிடியைத் தடவினாள்.

"முதுகுல வெயில் படணுமாம். காலையிலதான் இந்த ஜன்னல்ல வெயிலே வரும். இவர் மூணு வேளையும் இங்கதான் உட்காருவார். எனக்குக் காதுதான் போச்சு, மூளையுமா போச்சு?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். சொல்லிக்கல. சொன்னா டாக்டர்கிட்ட போகலாம்னு ஆரம்பிப்பார். அதோட, ஒரு ஆள் நமக்காக இப்படி இடம் மாறி மாறி உட்கார்றது நல்லாத்தானே இருக்கு. ஏன் கெடுக்கணும்?"

"என்ன காது? யாருக்குக் காது?" என்றான் அண்ணன்.

"என்ன எழுதியிருக்காரோ படி" என்றாள் அம்மா.

இளையவள் படித்தாள். கடைசி வரியைப் பாதியில் விட்டு, மீண்டும் தொடங்கி முடித்தாள். அம்மா எதிர்ச் சுவரில் கண்ணை வைத்துக் கேட்டாள். அண்ணன் எழுந்துபோய், கூடத்து மூலையிலிருந்த துண்டறிக்கைக் கட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் கூட்டத்தில் நூறு பேர் இருப்பார்கள். தகரக் கூரை, நாலு மின்விசிறி, இரைந்து இரைந்து பேசும் ஒலிபெருக்கி. மேசைமேல் பதிவேட்டை ஆன்டெனா திறந்துதான் வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தை வைக்கலாமா என்று அம்மாவைக் கேட்டதற்கு, "என் காது எனக்கும் அவருக்கும் நடுவுல இருந்தது போதும், வேற பக்கம் வைங்க அண்ணா" என்றுவிட்டாள். ஆன்டெனா வேறொரு நாளைத் திறந்துவைத்தார். அதில் தன் பெயருக்கு நேராக இரண்டு குறுக்குக் கோடுகள் இருந்தன. வந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

முன்வரிசையில் இளையவள் அம்மாவின் வலப்பக்கம் உட்கார்ந்தாள். மேடையில் ஒவ்வொருவரும் பேசப் பேச, அந்த இரைச்சலில் அம்மாவுக்குக் கேட்காததையெல்லாம் குனிந்து காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். நீரேற்று நிலையத்து ஊழியர் ஒருவர், "சாரோட குரல்தான் எங்களுக்குக் கடிகாரம்" என்றார். சொன்னாள். அம்மா தலையசைத்தாள்.

இளையவளின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. அம்மா தொடையில் தட்டினாள்.

"போ. அவன் வந்து உட்காரட்டும்."

அண்ணன் எழுந்து சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தான்.

எழுதிவைத்த தாளை அவள் எடுக்கவில்லை. மைக்கின் முன்னால் நின்று, "எங்க அப்பா என்கிட்ட கடைசியா சொன்னதை நான் கேக்கல" என்றாள். நிறுத்தினாள். கீழே அண்ணன் அம்மாவின் காதருகே குனிந்து உதடு அசைப்பது தெரிந்தது. அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். அம்மா தலையசைத்ததும் அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள். மறுபடி காத்திருந்தாள்.

புதிதாக வந்தவர்கள், பெண்ணுக்குப் பேச வரவில்லை போலும் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்த வயதான தகவல் தொடர்புக்காரர்கள் மட்டும், ஒருவர் பின் ஒருவராக, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து தாண்டியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அம்மாவின் தலையசைப்பு வந்த பிறகே அடுத்ததை எடுத்தாள்.